திண்ணைப் பேச்சு: கடல் குதிரைக்கு எந்த ஊர்?



போன இதழில் மாங்காய் வற்றல் போடும் பக்குவத்தை எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. எல்லோருக்கும் நன்றி. உப்பு அளவு கேட்டவர்களுக்குத் தனியாகப் பதில் போடுகிறேன். இந்த முறை நான் எடுத்துக்கொள்வது போடியிலிருந்து ஒரு இளம் தாய் எழுதிய கடிதம். அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்.

"அக்கா, என் மகனுக்கு ஒன்பது வயசு. சினிமாவில் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு மீனைப் பார்த்ததிலிருந்து கடல் மீன் தொட்டி வேண்டும் என்று ஒரே அடம். முழுப் பரீட்சையில் நல்ல மார்க் எடுத்தால் வாங்கித் தருகிறேன் என்று அவங்க அப்பாவும் வாக்குக் கொடுத்துவிட்டார். ஒரு கடைக்காரரிடம் விசாரித்தோம். 'கடல் குதிரைகூட ஜோடியாக் கொண்டாந்து தர்றேன், பில்லு மட்டும் கேக்காதீங்க' என்கிறார். வாங்கலாமா? அழகுக்கு வளர்ப்பதில் என்ன தப்பு இருக்கிறது?"

தங்கச்சி, கடல் குதிரை வேண்டவே வேண்டாம். அதை விற்பதும் வாங்குவதும் நம் நாட்டில் குற்றம். மற்றக் கடல் மீன்களை வாங்கலாமா என்பது ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தது. அந்தக் கேள்வி என்ன என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், கேளுங்கள்.

"மலையடிவாரத்தில் இருக்கிற நமக்குக் கடலோடு என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊர் வராக நதி அகமலைப் பக்கத்திலிருந்து இறங்கி, சோத்துப்பாறை அணையைத் தாண்டி, ஊருக்குள் ஓடிப் போய் வைகையில் சேருகிறது. வைகை மதுரையைத் தாண்டி இராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை போகிறது. வெள்ளக் காலத்தில் மிஞ்சியது பாக் விரிகுடாவில் விழுகிறது. நாம் துணி அலசிய தண்ணீர் போய்ச் சேரும் கடலில்தான் இந்தக் கடல் குதிரை இருக்கிறது. சம்பந்தம் இல்லாமல் போகுமா?

அப்பா பிள்ளை பெறும் அதிசயம்

பெயர்தான் குதிரை. ஆனால் அது மீன் இனம்தான். குதிரை மாதிரி முகம், குரங்கு மாதிரிச் சுருட்டும் வால். மற்ற மீன் எல்லாம் படுத்தவாக்கில் நீந்தினால் இது நின்றவாக்கில் நீந்தும். நீச்சலில் பெரிய சமர்த்துக் கிடையாது. ஆழம் குறைந்த கடலுக்கு அடியில் புல் விளைந்து கிடக்கும். கரையோரத்தில் அதைத் தாழை என்றும் சொல்வார்கள். அந்தப் புல்லை வாலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வருகிற பொடி இறால் போன்ற ஜீவன்களை உறிஞ்சித் தின்னும். பல்லும் இல்லை, இரைப்பையும் இல்லை. தின்றது தங்காது என்பதால் பகல் முழுக்கத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பால் கொடுத்த தாய்மார்களுக்கு இது எவ்வளவு பாடு என்று தெரியும்!

இன்னொரு அதிசயத்தைக் கேளுங்கள். கடல் குதிரையில் பிள்ளை சுமப்பது அப்பா! பெண் குதிரை முட்டைகளை ஆணின் வயிற்றிலுள்ள பையில் போட்டுவிடும். ஆண்தான் இரண்டு முதல் நான்கு வாரம் வரை சுமந்து, பிரசவ வேதனையும் பட்டு, குஞ்சுகளை வெளியே தள்ளும். இதை நான் வீட்டில் படித்துக் காட்டியபோது என் வீட்டுக்காரர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். என் மாமியார், "பரவாயில்லையே, அந்தச் சாதியிலாவது நியாயம் இருக்கு" என்றார்.

பல வகைகளில் ஆணும் பெண்ணும் ஜோடி பிரியாமல் இருக்கின்றன. தினமும் காலையில் ஒன்றையொன்று பார்த்து, நிறம் மாறி, சுற்றிச் சுற்றி வந்து ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் அன்றைய பொழுதையே தொடங்குமாம். ஒன்றைப் பிடித்துப் போய்விட்டால் மற்றது உடனே வேறு துணை தேடிக்கொள்வதில்லை. ஒரு பிரசவத்தில் நூற்றுக்கணக்கில் குஞ்சு வந்தாலும், பிழைத்துப் பெரிதாவது விரல் விட்டு எண்ணும் அளவுதான். இருக்கும் இடத்தை விட்டு அதிகம் நகராத ஜீவன் என்பதால், ஒரு இடத்தில் அள்ளிவிட்டால் அந்த இடம் மறுபடி நிறைய வெகு காலம் ஆகும்.

எங்கெங்கோ போன குதிரைகள்

இவ்வளவு சாதுவான பிராணியை யாருக்கு வேண்டும் என்கிறீர்களா? சீன மருந்துக்குக் காய்ந்த கடல் குதிரை வேண்டும். வெளிநாட்டு வீடுகளின் கண்ணாடித் தொட்டிக்கு உயிருள்ளது வேண்டும். சாவிக்கொத்திலும் அலங்காரப் பெட்டியிலும் வைக்கக் கொஞ்சம் வேண்டும். கனடாவைச் சேர்ந்த அமண்டா வின்சென்ட் என்ற பெண் விஞ்ஞானி ஊர் ஊராகப் போய் இந்த வியாபாரத்தை விசாரித்து 1996-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். 1995-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் குறைந்தது 2 கோடிக் கடல் குதிரைகள் பிடிக்கப்பட்டன என்பது அதிலிருந்த கணக்கு. அதற்கு முன்னால் இப்படி ஒரு வியாபாரம் நடப்பதே பல அரசாங்கங்களுக்குத் தெரியாது.

நம் பாக் விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும் அந்தக் கணக்கில் இருந்தன. 1990-களின் தொடக்கத்தில் இராமநாதபுரம் மாவட்டக் கரையில், தொண்டிப் பக்கமெல்லாம், சங்கு எடுக்க மூழ்கிய ஆட்கள் கடல் குதிரையையும் எடுக்கத் தொடங்கினார்கள். ஏழைக் குடும்பங்களுக்கு நல்ல காசு. அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. ஆனால் கடலுக்கு அது தாங்கவில்லை. விதை நெல்லைக் குத்திச் சோறாக்கினால் அடுத்த போகத்துக்கு எதை விதைப்பது?

மாந்தோப்புக் குத்தகை

இந்த மாதிரி நாடு விட்டு நாடு போகும் பிராணிகளுக்காக ஓர் உலக ஒப்பந்தம் இருக்கிறது. 1973-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் தேதி வாஷிங்டனில் கையெழுத்தாகி, 1975-ல் நடைமுறைக்கு வந்தது. சுருக்கமாக 'சைட்டிஸ்' என்பார்கள். இந்தியா 1976-ல் சேர்ந்தது. இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன. மார்ச் 3 உலக வனவிலங்கு தினமாகக் கொண்டாடப்படுவதும் இதனால்தான்.

இந்த ஒப்பந்தத்தில் மூன்று பட்டியல்கள் உண்டு. சட்டம் படித்தவர்கள் பக்கம் பக்கமாக விளக்குவார்கள். எனக்கு எங்கள் ஊர் மாந்தோப்பைக் கொண்டு சொன்னால்தான் புரியும்.

முதல் பட்டியல், பட்டுப்போகும் நிலையில் இருக்கிற தோப்பு. அங்கே வியாபாரத்துக்கு ஒரு காய்கூடப் பறிக்கக் கூடாது. கடலாமைகள் எல்லாம் இந்தப் பட்டியலில்.

இரண்டாம் பட்டியல், குத்தகைக்கு விட்ட தோப்பு. காய் பறிக்கலாம், விற்கலாம். ஆனால் கிளையை ஒடிக்கக் கூடாது, மரத்தை வெட்டக் கூடாது, அடுத்த வருஷமும் தோப்பு காய்க்க வேண்டும். ஏற்றுமதி செய்கிற நாடு, "இதை எடுத்ததால் அந்த இனத்துக்குக் கேடு இல்லை, முறைப்படிதான் எடுத்தோம்" என்று ஆராய்ந்து அனுமதிச் சீட்டு கொடுக்க வேண்டும். சீட்டு இல்லாமல் வந்தால் இறக்குமதி செய்கிற நாடு உள்ளே விடக் கூடாது.

மூன்றாம் பட்டியல், ஒரு தோப்புக்காரர் அக்கம்பக்கத்தாரிடம், "என் தோப்பில் திருட்டுப் போகிறது, சந்தைக்கு வந்தால் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று உதவி கேட்பது போல. ஒரு நாடு தன் எல்லைக்குள் காப்பாற்றும் இனத்துக்கு மற்ற நாடுகளின் உதவியைக் கேட்கிறது.

2002-ஆம் ஆண்டு நவம்பரில் சிலி நாட்டின் சாண்டியாகோ நகரில் உறுப்பு நாடுகள் கூடியபோது, கடல் குதிரை இனங்கள் அத்தனையையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். திமிங்கலச் சுறா சேர்ந்ததும் அதே கூட்டத்தில்தான். கடல் குதிரைக்கான விதி 2004 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரமுள்ளதைப் பிடித்து ஏற்றுமதி செய்ய வேண்டாம் என்று ஒரு யோசனையும் சொன்னார்கள். அந்த உயரம் வருவதற்குள் பெரும்பாலான இனங்கள் ஒரு தடவையாவது பிள்ளை பெற்றிருக்கும் என்பது கணக்கு. பிஞ்சைப் பறிக்காதே என்கிறோமே, அதேதான்.

கல் போல வளரும் பவளங்களும் ராட்சதச் சிப்பிகளும் அதற்கு முன்பே இரண்டாம் பட்டியலுக்குப் போய்விட்டன. மெக்சிகோ கடலில் இருக்கும் 'க்ளேரியன் ஏஞ்சல்' என்ற ஆரஞ்சு நிற அழகு மீனை 2016-ல் சேர்த்தார்கள். ஆனாலும் தொட்டிக்காகப் பிடிக்கப்படும் பவளப்பாறை மீன்களில் பெரும்பாலானவை இன்னும் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவற்றை என்ன செய்யலாம் என்று ஆலோசிக்க 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஒரு கூட்டமே போட்டார்கள். ஆகவே, "பட்டியலில் இல்லை" என்று ஒரு கடைக்காரர் சொன்னால், "கடலில் ஏராளமாக இருக்கிறது" என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள்.

நம் நாட்டுச் சட்டம் இன்னும் கண்டிப்பு

உலக ஒப்பந்தம் அளவோடு எடு என்கிறது. இந்தியா எடுக்கவே எடுக்காதே என்று சொல்லிவிட்டது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001-ல் கடல் குதிரை, அதன் பங்காளியான குழல் மீன், கடல் அட்டை, பாறை கட்டும் பவளங்கள், கடல் விசிறி ஆகியவற்றைப் பாதுகாக்கப்பட்ட உயிர்களாக அறிவித்தார்கள். உயிரோடு விற்றாலும் குற்றம், காயவைத்து விற்றாலும் குற்றம். சிறைத் தண்டனையும் உண்டு, அபராதமும் உண்டு.

ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இராமேஸ்வரம் போகிற சகோதரிகள் இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடலோர ஊர்களில் வெள்ளை வெளேர் என்று பூங்கொத்து மாதிரி பவளத்தை நீட்டி, "நூறு ரூபாய்தான் அம்மா, ஷோகேஸ்ல வைங்க" என்று யாராவது சொன்னால், அது பிராணி ஒன்று கட்டிய வீடு, சட்டத்துக்கு விரோதமான சரக்கு என்று தெரிந்து நகர்ந்துவிடுங்கள். தீர்த்தமாடிப் பாவம் தொலைக்கப் போன இடத்தில் புதுசாக ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு வருவானேன்?

இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. முன்பெல்லாம் வெளிநாட்டுப் பிராணி துறைமுகத்தையோ விமான நிலையத்தையோ தாண்டி உள்ளே வந்துவிட்டால், அப்புறம் அது எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்பதற்கு வழி இருக்கவில்லை. 2022-ல் சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் சைட்டிஸ் பட்டியலில் உள்ள பிராணிகளுக்கு என்று தனியாக நான்காவது அட்டவணை கொண்டுவந்தார்கள். 2024-ல் அதற்கான பதிவு விதிகளும் வந்தன. அந்த அட்டவணையில் உள்ள உயிருள்ள பிராணியை வீட்டில் வைத்திருப்பவர்கள் 'பரிவேஷ்' என்ற அரசாங்க இணையதளத்தில் பதிய வேண்டும். புதிதாக வாங்கினால் 30 நாளுக்குள் பதிய வேண்டும். குட்டி போட்டாலும், கைமாற்றினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். ஜெனீவாவிலிருந்து நடத்துகிற ஒப்பந்தம் இப்படி நம் வீட்டுக் கூடம் வரைக்கும் வந்துவிட்டது.

வாஸ்து மீன் என்று அரோவானா வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். அரோவானாவில் பல ரகம் உண்டு. சிவப்பும் தங்க நிறமுமாய் வருகிற ஆசிய அரோவானா சைட்டிஸின் முதல் பட்டியலில் இருக்கிற மீன். பதிவு பெற்ற பண்ணையில் பிறந்து, உடம்புக்குள் சிறு மின்னணுச் சில்லும் கையில் சான்றிதழுமாக வந்தால்தான் அது முறையான சரக்கு. செல்வம் வரும் என்று நம்பி வாங்கியது வழக்கைக் கொண்டு வந்து சேர்க்க வேண்டாம்.

தொண்டியிலிருந்து ஒரு சேதி

தடை போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், அதுதான் இல்லை. என் சின்ன நாத்தனாரைத் தொண்டியில் கொடுத்திருக்கிறது. அங்கே போயிருந்தபோது மீன் கொண்டுவந்த ஒரு அம்மாளிடம் இந்தப் பேச்சை எடுத்தேன். அவர் சொன்னது இது: "நாங்க அதைத் தேடிப் போகலை மதினி. இழுவை மடியில மத்த மீனோட சேந்து வருது. கொட்டிப் பாக்கும்போதே செத்துக் கிடக்கு. செத்ததைத் திருப்பிக் கடல்ல போட்டா யாருக்கு லாபம்? வச்சிருந்தா ஜெயிலுங்கிறாக."

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. தடை வந்து ஏறத்தாழ இருபது வருஷம் கழித்து அமண்டா வின்சென்டும் ஒரு இந்தியப் பெண் ஆராய்ச்சியாளரும் நம் நாட்டுக் கடற்கரைகளில் விசாரித்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். இன்னும் ஆண்டுக்குப் பல இலட்சம் கடல் குதிரைகள் வலையில் அகப்படுகின்றன, பெரும்பாலும் கடலடியை வாரி இழுக்கும் விசைப்படகு வலைகளில், அதிலும் தமிழ்நாட்டில்தான் அதிகம் என்று கண்டார்கள். வியாபாரம் நிற்கவில்லை, மறைவுக்குப் போய்விட்டது. மறைவுக்குப் போன சரக்குதான் போடித் தங்கச்சியிடம் "பில்லு மட்டும் கேக்காதீங்க" என்கிறது.

நம் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986-ல் தேசியப் பூங்கா அமைத்தார்கள். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் கடற்பசுவுக்கான பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. கடற்பசு மேய்வதும் கடல் குதிரை வால் சுற்றி நிற்பதும் ஒரே மாதிரிப் புல்வெளியில்தான். புல் பிழைத்தால் இரண்டுக்கும் நல்லது, அங்கே குஞ்சு வளர்க்கும் இறாலுக்கும் நண்டுக்கும் நல்லது, அந்த அம்மாளின் கூடைக்கும் நல்லது. அவர் பிழைப்புக்கு வழி சொல்லாமல் தடை மட்டும் போட்டால் போதாது என்பது என் எண்ணம்.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

கடலில் பிடித்த மீன் நம் வீட்டுக்கு வரும் வழியைச் சொன்னால் வயிறு கலங்கும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் பவளப்பாறை இடுக்கில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி, மீன் மயங்கியதும் அள்ளும் வழக்கம் பல காலமாக உண்டு. சட்டப்படி தடைதான், இருந்தும் முழுதாக ஒழியவில்லை. அந்த விஷத்தில் சுற்றியிருக்கும் பவளமும் சாகும். தப்பிய மீன் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், வீட்டுக்கு வந்து சில வாரத்தில் காரணம் தெரியாமல் மிதக்கும்.

கடலில் பிடித்த கடல் குதிரையோ பெரும்பாலும் பட்டினியில்தான் சாகும். உயிருள்ள பொடி இரைக்குப் பழகிய அதற்குக் கடையில் விற்கும் காய்ந்த தீனி தெரியாது. இரைப்பை இல்லாத பிராணி பட்டினி எத்தனை நாள் தாங்கும்?

கடல் தொட்டி என்பது தண்ணீரில் கல் உப்பைப் போட்டுக் கலக்கும் சமாசாரமும் இல்லை. அதற்கென்று உப்பு, சுத்திகரித்த தண்ணீர், சித்திரை வெயிலில் தண்ணீரைக் குளிர்விக்க ஒரு மெஷின், ஓயாத மோட்டார் எல்லாம் வேண்டும். ஒரு ராத்திரி கரண்ட் போனால் காலையில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஒன்பது வயசுப் பிள்ளைக்குப் பரிசு என்று கொடுத்துவிட்டு, மறுநாள் செத்த மீனைக் காட்டி அழவிடவா?

மருந்து என்று கொடுக்காதீர்கள்

இளம் தாய்மார்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். கடலோர ஊர்களில் கடல் குதிரையைச் சுட்டுச் சாம்பலாக்கித் தேனில் குழைத்துக் குழந்தையின் கக்குவான் இருமலுக்குக் கொடுக்கும் பழைய கைவைத்தியம் உண்டு. யாராவது பெரியவர்கள் பொட்டலத்தில் கொண்டுவந்து நீட்டினாலும் வாங்காதீர்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கக்குவான் இருமல் கைக்குழந்தையின் உயிரையே எடுக்கக்கூடிய நோய். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனே கொடுக்கக் கூடாது என்கிறார்கள் டாக்டர்கள். அதற்கான தடுப்பு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடும் ஊசியில் இருக்கிறது. ஆறு, பத்து, பதினான்காவது வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் கக்குவானும் ஒன்று. ஒன்றரை வயதை ஒட்டியும் ஐந்து வயதிலும் ஊக்க ஊசி போடுவார்கள். அட்டையை எடுத்துத் தேதி தப்பியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருமி இருமி மூச்சை இழுக்கும்போது குழந்தை 'ஹூப்' என்று சத்தம் போட்டாலோ, முகம் நீலம் பாரித்தாலோ, கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சின்னக் கைக்குழந்தைக்கு அந்தச் சத்தம் வராமலே மூச்சு நின்று நின்று வரலாம். அதையும் கவனியுங்கள்.

அந்த ஒரு கேள்வி

அப்படியானால் பிள்ளையின் ஆசைக்கு என்ன பதில் சொல்வது? சந்தையில் மாம்பழம் வாங்கும்போது நாம் என்ன கேட்கிறோம்? "காசாலட்டா, இமாம்பசந்தா? எந்தத் தோப்பு? மரத்தில் பழுத்ததா, கல் வைத்ததா?" பழக்காரரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறோம். மீன் கடையிலும் அப்படியே கேளுங்கள்: "இது கடலில் பிறந்ததா, தொட்டியில் பிறந்ததா?"

உங்கள் மகன் பார்த்த அந்த ஆரஞ்சு மீனுக்குக் கோமாளி மீன் என்று பெயர். அதைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் செய்து காட்டியிருக்கிறார்கள். இலட்சத்தீவில் அகத்தி என்ற தீவில் அந்த ஊர்ப் பெண்களே குழுவாகச் சேர்ந்து கோமாளி மீனும் அலங்கார இறாலும் வளர்க்கக் கற்றிருக்கிறார்கள். தொட்டியில் பிறந்த மீனை வாங்கினால் கடல் குறையாது, ஒரு பெண்ணின் கைக்கும் நாலு காசு சேரும்.

ஆனாலும் முதல் முதலாக மீன் வளர்க்கிற வீட்டுக்கு நன்னீர் மீன்தான் தோது. சென்னை கொளத்தூர்ப் பக்கம் எத்தனையோ குடும்பங்கள் சிமெண்டுத் தொட்டி கட்டிப் பொன் மீன், கப்பி, மோலி எல்லாம் வளர்த்து விற்கின்றன. கப்பி குட்டி போடுவதைப் பிள்ளை கண்ணாலேயே பார்க்கலாம். கடல் மீனைக் காட்ட ஆசையாக இருந்தால், அடுத்த தடவை இராமேஸ்வரம் போகும்போது மண்டபத்தில் அந்த ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள்.

மீன் வாங்கப் போகும் சகோதரிகள் இந்தக் குறிப்புகளைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்:

1. பிறந்த இடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வாங்காதீர்கள்.

2. பில் கட்டாயம் வாங்குங்கள். அதில் மீனின் சரியான பெயர் இருக்கட்டும். "கலர் மீன் 2" என்று எழுதினால் செல்லாது.

3. வெளிநாட்டு வகை என்றால் சைட்டிஸ் பட்டியலில் உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் இறக்குமதிச் சீட்டின் நகலோ பண்ணைச் சான்றிதழோ கையில் வாங்கி, 30 நாளுக்குள் பதிந்துவிடுங்கள்.

4. கடல் குதிரை, நிஜப் பவளம், கடல் விசிறி எந்த உருவத்தில் வந்தாலும் வேண்டாம். தொட்டி அலங்காரத்துக்குச் சுட்ட மண் பொம்மையே அழகு.

5. வளர்க்க முடியாமல் போனால் கடையிலோ வேறு வளர்ப்பவரிடமோ கொடுங்கள். ஆற்றிலும் கண்மாயிலும் விடாதீர்கள். 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் மீனை இப்படி விட்டுவிட்டுத்தான் தமிழ்நாட்டில் பல நீர்நிலைகளில் அது பெருகி, வலையைக் கிழித்துக்கொண்டு கிடக்கிறது.

6. கையில் வெட்டோ கீறலோ இருக்கும்போது தொட்டிக்குள் கை விடாதீர்கள். மீன் தண்ணீரில் இருக்கும் ஒரு கிருமி ஆறாத புண்ணை உண்டாக்கும். சுத்தம் செய்யுமுன் மின்சார இணைப்பை எடுத்துவிடுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பிள்ளைகளையும் கழுவச் சொல்லுங்கள்.

போடித் தங்கச்சிக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டுக்காரர் கொடுத்த வாக்குக்குப் பங்கம் வேண்டாம். தொட்டி வாங்கிக் கொடுங்கள், பத்துக் கப்பியும் வாங்கிக் கொடுங்கள். கடைக்குப் பிள்ளையையும் கூட்டிப் போய், "எங்கே பிறந்தது?" என்ற கேள்வியை அவனையே கேட்கச் சொல்லுங்கள். அவன் கேட்டுப் பழகிவிட்டால் நாளைக்கு அவன் பிள்ளைக்கும் காட்டக் கடலில் குதிரை இருக்கும்.

அடுத்த இதழில், பரீட்சை நேரத்தில் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடிக்கும் பிள்ளைகளுக்கான பலகாரங்களோடு வருகிறேன். உங்கள் கைப்பக்குவத்தையும் எழுதி அனுப்புங்கள்.